நாய் இல்லாதவன் கேட்ட புத்தகம்

அன்பு மருமகளுக்கு,

காய்கறி மொத்த மார்க்கெட்டின் முதல் குரலும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். உன் அம்மா நன்றாக இருக்கிறாள். அவள் வாய் அவளைவிட நன்றாக இருக்கிறது.

நாலு வாரமாக நீ போன் செய்தும் நான் எடுக்கவில்லை என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டாயாமே. போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கும் அதையே எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு வாயால் பொய் சொல்லித்தான் பழக்கம், கையால் வரமாட்டேன் என்கிறது. போன் நன்றாகத்தான் இருக்கிறது. இதோ, பக்கத்திலேயே கிடக்கிறது. என் குரல்தான் உன் காதில் விழக்கூடாது என்று எடுக்கவில்லை.

என் குரல் உனக்குத் தெரியும். நான் தக்காளியை ஏலம் கூப்பிட்டால் மூன்றாவது தெருவில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எழுந்து உட்காரும். ஒருமுறை சங்கத்தில் மைக் வாங்கிக் கொடுத்தார்கள், பத்தே நிமிடத்தில் மைக் புகைந்துவிட்டது. வயர் கோளாறு என்றான் எலக்ட்ரீஷியன். அவனுக்குப் பொறாமை. அப்பேர்ப்பட்ட குரல் இரண்டரை மாதத்துக்கு முன் ஒரு காலையில் கரகரத்தது. வெங்காய மூட்டைத் தூசி என்று நினைத்தேன். பிறகு சவரம் செய்யும்போது இடது தாடைக்குக் கீழே விரலில் ஒன்று தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. இரண்டு வாரத்தில் சின்ன வெங்காயம். இப்போது சின்ன வெங்காயத்திலேயே முதல் ரகம். தரம் பிரிப்பதில் நான் தப்புப் பண்ணுவதில்லை என்று மார்க்கெட்டே சொல்லும். இந்த ஒன்றில் தப்பாக இருக்கக்கூடாதா என்று தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

மார்க்கெட்டில் இப்போது எடைக்காரர்தான் ஏலம் கூப்பிடுகிறார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையை ஆட்டுகிறேன். ஒரு பெரிய மேடையில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்காகக் குரலைச் சேமிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். எந்த மேடை, எந்தத் தேதி என்று வேறு கேட்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. பெரிய டாக்டரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார் என்று வேறு யாரிடமாவது என்றால் சொல்லியிருப்பேன், உன்னிடம் சொல்லமாட்டேன். கழுத்தில் குளுகுளுவென்று எதையோ தடவி டிவியில் பார்த்தார்கள். டாக்டர் நாலு நிமிடம் பேசினார். நான் எல்லாம் முன்பே தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். புரிஞ்சுதா என்று கேட்டார். எனக்கா புரியாது, மேல சொல்லுங்க டாக்டர் என்றேன். அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை, கட்டி ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. டாக்டர்கள் பாஷையில் ஒரு கடிதமும் ஒரு படிவமும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பத்தாவது வரை படித்தவன் என்று உங்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஏழாவதுதான், மருமகளே. அதிலும் ஏழாவதைப் பாதியோடு விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை வந்தது, போனது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பஸ் நிற்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு நூலகம் இருக்கிறது, மஞ்சள் கட்டடம், லட்சம் புத்தகம் இருக்கும், குறைத்துச் சொன்னால் ஐயாயிரம். அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். ஏன் தெரியுமா? அங்கே யாரும் ஏன் உங்க குரல் இப்படி ஆயிடுச்சு என்று என்னைக் கேட்கவில்லை. அங்கே எல்லோருக்கும் என் குரல்தான்.

நாலைந்து நாள் பேப்பர் படித்தேன். பிறகு ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உதவி மேஜைக்குப் போனேன். ஒரு குறுந்தாடிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அதில் ஒரு அம்மாள் ஜெராக்ஸ் எடுக்கக் காகிதத்தை விசிறிக்கொண்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். தொண்டையில் வரும் கட்டியைப் பற்றிப் புத்தகம் வேண்டும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்ததோ, எங்க வீட்டு நாய்க்குக் கழுத்துல ஒரு கட்டி சார், அதப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா என்று. நம் வீட்டில் எந்தக் காலத்தில் நாய் இருந்தது? உன் அம்மா இருக்கும் வீட்டில் நாய்க்கு என்ன வேலை?

குறுந்தாடிக்காரர் தலை நிமிரவில்லை. மூணாவது வரிசை, மேல் தட்டு, கால்நடைன்னு எழுதியிருக்கும், அடுத்தது யாரு என்றார். பத்து விநாடிகூட ஆகவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். கேட்டதைக் கொடுத்தார்.

ஜன்னல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாய்களின் கழுத்துக் கட்டி என்று தனிப் பக்கமே இருந்தது. வயதான நாய்க்குக் கட்டியோடு குரைப்பும் மாறிவிட்டால் நோய் முற்றிவிட்டதாகக் கொள்ளலாம், வைத்தியம் என்ற பெயரில் துன்பத்தை நீட்டாமல் வளர்த்தவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அமைதியாக வழியனுப்புவதே கருணை என்று அச்சடித்திருந்தது. குரைப்பு மாறிவிட்டால் என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. சிரிக்காதே. தொண்டை எல்லா உயிருக்கும் ஒன்றுதானே என்று நினைத்தேன். அச்சில் இருப்பதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

ஒன்பது நாள், மருமகளே. ஒன்பது நாளும் போய் அதே புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தைப் படித்தேன். நேற்றுப் படித்ததில் ஒரு வரியை விட்டிருப்பேனோ, நல்ல வரி ஒன்று இருக்குமோ என்று பார்த்தேன். காலையில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பேன், வலிக்கிறதா என்று பார்ப்பதற்காக. வலித்தால் பயம். வலிக்காவிட்டால் மரத்துப்போய்விட்டதோ என்று அதைவிடப் பயம். உன் அம்மாவைக் கூப்பிட்டு வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில், சாவி எந்த ஆணியில் என்று காட்டினேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஏன்டா, இந்த வயசுல எவளையாவது பாத்து வச்சிருக்கியா, பத்திரத்தையெல்லாம் எடுத்துக் காட்டறே, பந்தியில எனக்கு ஒரு இலையாவது போடச் சொல்லு என்றாள். நானும், ரெண்டு பேர் வரிசையில நிக்கறாங்கக்கா, யாரைச் சொல்லட்டும் என்றேன். அவள் சிரித்தாள். என் குரலைக் கேட்டு, சளியா, வெந்நீர் குடி என்றாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம். படித்த புத்தகத்தை நாமே தட்டில் திருப்பி வைக்கக்கூடாது, இடம் மாற்றிவிடுவோமாம். மேஜையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். மாலையில் அவர்கள் வந்து பொறுக்கி, எது எந்த மேஜையில் கிடந்தது என்று ஒரு நோட்டில் கோடு போட்டுவிட்டு அடுக்குவார்கள். அங்கே கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மா இருக்கிறார், தலைமை நூலகர். நாலு பட்டம் வாங்கியவர், ஐந்தாகவும் இருக்கலாம். ஜன்னல் மேஜையில் ஒன்பது நாளாக ஒரே நாய்ப் புத்தகத்துக்குக் கோடு விழுவது அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

பத்தாவது நாள் என்னிடம் வந்தார். எதிரே நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார், பஸ்ஸில் உட்காருவது மாதிரி. ஏதாவது உதவி வேணுங்களா என்றார். எனக்கெதுக்கு உதவி, நான் நாலு பேருக்கு உதவறவன் என்றேன். எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன், போகவில்லை. நீங்க தேடினது இதுல கெடச்சுதுங்களா என்று கேட்டார். கெடச்சுது, அதுதான் கஷ்டமே என்று வாய் தவறி வந்துவிட்டது.

என்ன கஷ்டம் என்று அவர் கேட்கவில்லை. சும்மா இருப்பதிலும் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு மெதுவாக நாயைப் பற்றிக் கேட்டார். சாப்பிடுதா என்றார். ரொட்டிய நனைச்சாத்தான் எறங்குது என்றேன். எந்தப் பக்கம் கட்டி என்றார். இடது என்றேன். குரல் எப்போ மாறுச்சு என்றார். ரெண்டரை மாசம் என்றேன். வயசு என்ன இருக்கும் என்றார்.

வர்ற மாசம் அறுபத்து மூணு என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின் நாலு காகிதம் தள்ளியது, நான் எண்ணினேன். அந்த அம்மா சிரிக்கவில்லை, மருமகளே. நானாக இருந்திருந்தால் மார்க்கெட்டையே கூட்டிச் சிரித்திருப்பேன். அவர் புத்தகத்தை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, இது நாய்ங்களுக்கான புத்தகம், அதுவும் அம்பது வருஷப் பழசு, அறுபத்து மூணு வயசுக்காரருக்கு வேற அலமாரி இருக்குங்க என்றார். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அந்த இடத்தில் பராமரிப்பு சரியில்லை.

ஆஸ்பத்திரிக் கடிதம் நாலாக மடித்துச் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். படிப்பதற்கு முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இது என்ன நோய், சரியாகுமான்னு சொல்ல எனக்கு அதிகாரமும் இல்ல, படிப்பும் இல்ல, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றேன், டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு எழுதித் தரேன், அவ்வளவுதான் என்றார். ஒரு தடித்த அகராதியையும் மனுஷர் வைத்தியப் புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்து வரி வரியாகச் சொன்னார். அந்தக் கடிதத்தில் எதுவுமே முடிவாகவில்லை. கட்டியிலிருந்து சின்னதாக ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்றிருந்தது. நான் போகாமல் விட்ட வியாழக்கிழமை அதற்குத்தான்.

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். உண்மையை எழுதுகிறேன், பயம் கூடிவிட்டது. நாய்ப் புத்தகத்தில் முடிவு தெரிந்திருந்தது, அதோடு ஒரு மாதிரி பழகியும் விட்டேன். இப்போது முடிவே தெரியாது. இந்தப் பத்து நாளில் கட்டி வேறு வளர்ந்திருக்கிறது, அதை நானே வளர்த்துவிட்டேன் என்று இருக்கிறது.

அந்த அம்மா ஒரு தாளில் ஒன்று என்று எண் போட்டு, மொதல்ல டாக்டர்கிட்ட என்ன கேக்கணும் உங்களுக்கு என்றார். ஒண்ணுமில்ல என்றேன். எண்ணுக்கு எதிரே காலியாக விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். என் குரல் திரும்பி வருமா என்றேன். அதை அப்படியே, என் வார்த்தையிலேயே எழுதினார். பிறகு ஏழு வரை போனது. ஏழாவதை உனக்கு எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரி போன் நம்பரையும் அவரே போட்டார். என் குரல் எடுபடாது என்று அவரே பேசினார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், இந்த முறை புரிந்து ஆட்டினேன். புதுத் தேதி கிடைத்தது. குறுந்தாடிக்காரர் எழுந்து வந்து, ஐயா, நாய்னு சொன்னதும் நான் ரெண்டு வார்த்தை கேட்டிருக்கணும் என்றார். நீங்க கேட்டிருந்தா நாய்க்கு ஒரு பேரும் வச்சிருப்பேன் தம்பி என்றேன்.

கடைசியாகப் படிவம். உடன் வருபவர் என்று ஒரு வரி இருந்தது. துண்டு எடுக்கும் அன்று தனியாக விடமாட்டார்களாம். யார் வருவாங்க என்று அந்த அம்மா கேட்டார். மார்க்கெட்டே திரண்டு வரும், நூறு பேர் தோளில் தூக்கிட்டுப் போவாங்க என்றேன். ஒருத்தர் போதுங்க, பேர் சொல்லுங்க என்றார்.

யோசித்தேன். எடைக்காரர் வந்தால் சாயங்காலத்துக்குள் உருளைக்கிழங்கு மூட்டைக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். உன் அம்மா வந்தால் எனக்கு முன்பே மயங்கி விழுவாள், இரண்டு கட்டில் போட வேண்டியிருக்கும். நூறு பேரைச் சொன்னவனுக்கு அதற்கு மேல் ஆள் வரவில்லை. கடைசியில் உன் பெயரைச் சொன்னேன். உறவு என்ற இடத்தில் மருமகள் என்று எழுதச் சொன்னேன். அவர் எழுதவில்லை. அவங்களைக் கேட்டீங்களா, மொதல்ல கேளுங்க, கேட்டா தப்பில்ல என்று படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டார். கேட்பதுதான் எனக்கு வராதே. அதனால்தான் இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

தேதி, வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன், காலை ஒன்பது மணி. கூரியர் நாலு நாளில் வந்துவிடும் என்றார்கள். உனக்கு வேலை இருக்கும், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது, தூரம் வேறு. எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை போனில் சொல்லிவிடு. நான் எடுப்பேன். குரலைக் கேட்டுப் பயந்துவிடாதே, நீ பேசு, நான் உம் கொட்டுகிறேன். அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

படிவத்தில் உடன் வருபவர் என்ற அந்த வரியில் உன் பெயரை வீட்டுக்கு வந்து நானே எழுதிவிட்டேன். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன், வர முடியாவிட்டால் அழித்துவிடலாம். கொஞ்சம் அழுத்தி எழுதிவிட்டேன், வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் மாமா