ஆம், அதுதான்

ஜூன் 3, ஏலப்பாறை

சாமியாருக்குப் படிக்கிற தம்பி அமலன் குருமடத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். டிப்ளமோ முடித்த நான் தேயிலை ஃபேக்டரியில் மோட்டார் கழற்றுகிறேன். அவனோ, எண்ணூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பியச் சாமியார்கள் கிரேக்கத் தத்துவத்தை வேதத்தோடு ஒட்டவைத்த கதையைப் படிக்கிறான். ரெண்டும் வேற உலோகம், வெல்டிங் பிடிக்குமா என்றேன். "பிடிச்சு எண்ணூறு வருஷம் ஆச்சுண்ணே." திமிர்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா போன பிறகு அவளை நிற்கவைத்திருப்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றுதான்.

ஜூன் 5

அடுத்த வாரம் அவனுக்கு வாய்மொழித் தேர்வு, அந்தக் காலத்து முறையில். ஒருவன் மறுப்பான். பதில் சொல்கிறவன் முதலில் அந்த மறுப்பைத் தன் வாயால் குறையில்லாமல் திருப்பிச் சொல்லவேண்டும். மறுத்தவன் "ஆம், அதுதான்" என்ற பிறகே பதில். பழக்கத்துக்கு என்னை மறுக்கச் சொல்கிறான். ஆள் பிடித்தான் பார்!

ஜூன் 6

அவன் வாதம்: அசைகிற எதையும் வேறொன்று அசைக்கிறது, வரிசையின் தலையில், தான் அசையாத கடவுள்.

நான்: "மழை மண்ணத் தள்ளுச்சு. மண்ணு செவரத் தள்ளுச்சு. செவரு அப்பாவ நசுக்குச்சு. மழையத் தள்ளுனது யாருலே?"

அவன் முகம் செத்துவிட்டது. மண்சரிவில் அப்பாவின் கையை முதலில் பார்த்தவன் அவன்தான். தெரிந்துதான் கேட்டேன்.

மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "அது இல்ல. முழுசா சொல்லு" என்றேன். மறுபடி சொன்னான். "மழுப்பாதலே." மூன்றாம் தடவை கத்தினான்: "அப்பாவக் கொன்னது ஆண்டவர்!"

"ஆம்" என்று வாயைத் திறந்தேன் — வாசலில் அம்மா. தோளில் காலிக் கொழுந்துச் சாக்கு.

ஜூன் 7

"அது அண்ணன் கேட்டதும்மா, நான் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்" என்று அழுகிறான். "சாமியாருக்குப் படிக்கிறவன் வாயில பொய்யா வரும்?" என்கிறாள். நான் குறுக்கே போகவில்லை. ஏன் போகணும்?

ஜூன் 14

குருமடம் திரும்பிய அமலன் தேர்வில் முதலாவதாம். என் மறுப்புக்கான பதிலைப் போனில் எழுதி அனுப்பியிருக்கிறான். "நான் சொன்னா அம்மா காது குடுக்கல. நீயாவது வாசிச்சுக் காட்டுண்ணே." படித்தேன். மோசமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பூசை மணி அடித்தது. அம்மா மீன் உரசிக்கொண்டிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"இருலே. மொதல்ல நான் கேக்கது சரியான்னு சொல்லு."

மழை. மண். செவரு. அப்பா. வரிசையாகத் திருப்பிச் சொன்னாள். ஒரு கண்ணி விடவில்லை. அமலனைவிடச் சுத்தம்.

"ஆமா, அதுதாம்மா."

"அப்ப சரி."

மீனைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் உரசினாள். கையிலிருந்த போன் வெளிச்சம் அணைந்தது. நான் வாசிக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.