சிங்காரவேலுவின் மீசையும் நம் சிவப்புக் கோடும்

வேதாரண்யம் பக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்ருதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம், மாடும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. நீயும் அந்த ஸ்வீடன் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையால் எழுதிய இதை ஸ்கேன் செய்து, போட்டோவாக இல்லாமல் டாகுமென்ட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், எப்படி அனுப்புவது என்று நீயும் பார்த்துக்கொள்.

நான் வாய்க்காலில் கோல் நட்டு எடுத்துச் சொன்ன அளவுகளை வைத்து வரைபடம் போட்டு அனுப்பினாயே, தலைமடைத் தண்ணீர் நீலக் கோடு, நம் கடைமடை சிவப்புக் கோடு என்று, அதைப் பாசன சங்கம் சார்பில் ஃப்ளெக்ஸ் அடித்து, தண்ணீர் கேட்டுப் பாசன அதிகாரியிடம் காட்டப் போனோம். ஃப்ளெக்ஸ் கடை மீரா உசேன், மேல யார் போட்டோம்மா வைக்கணும் என்று கேட்டார், யாரும் வேண்டாம் என்றேன். முகம் இல்லாமல் ஒரு ஃப்ளெக்ஸா என்று உன் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, சங்கத் தலைவர் சிங்காரவேலுவை ஒரு ஓரத்திலும் தன்னை மறு ஓரத்திலும் வைக்கச் சொல்லிவிட்டார். பத்தடிக்கு விரித்தால் சிங்காரவேலுவின் மீசையில் முடியை எண்ணலாம், உன் வரைபடம் மட்டும் மழையில் நனைந்த கோலம். எண் ஒன்றும் படிக்க முடியவில்லை, நம் சிவப்புக் கோடு அடிக்கோட்டோடு ஈஷிக்கொண்டு கிடந்தது. அதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, தண்ணி நல்லாத்தானே போயிருக்கு, கீழ என்னங்க செவப்புல பார்டரா என்று கேட்டார். சிங்காரவேலு தன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பார்டர் இல்லை, நம் கடைமடைக்கு வந்த தண்ணீரே அவ்வளவுதான் என்று நான் சொன்னதை அதிகாரி நம்பவில்லை, வெள்ளிக்கிழமை சரியாகக் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பயிர் கதிர் வெளியே வரும் முன் பொதியில் நிற்கிறது, இன்னும் ஒரு முறை தண்ணீர் விடாவிட்டால் கதிரெல்லாம் பதராகி வைக்கோலைத்தான் அறுக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து போனில் பார்த்தால், நீ அனுப்பியது ஜேபிஜி, அதையும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக, அது தன் பங்குக்கு இன்னும் நசுக்கியிருக்கிறது. மூஞ்சிக்கு ஜேபிஜி போதும், கொஞ்சம் கலங்கினாலும் யாருக்கும் தெரியாது, கோட்டுக்கும் எழுத்துக்கும் அது ஆகாது. போன வருடம் உன் பேராசிரியருக்கு அனுப்பிய கட்டுரையைப் பெருமைக்கு எங்களுக்கும் அனுப்பினாயே, அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன், ஒரு கோடுகூடக் கலையவில்லை. உன் மென்பொருளில் சேமிக்கும்போதே பிடிஎஃப்பாக எடு. எஸ்விஜி கோப்பாக வேண்டாம், மீரா உசேன் கடையில் திறக்காதாம். பிஎன்ஜி படமாகத்தான் வரும் என்றால் பத்தடிக்குத் தாங்குகிற அளவில் பெரிதாக எடு. பழைய ஜேபிஜியையே பிடிஎஃப்புக்குள் நுழைத்து என்னை ஏமாற்றாதே, கழுவாத பாத்திரத்தைப் புது டப்பாவில் வைத்தாலும் அது கழுவாத பாத்திரம்தான். அப்பா வேறு சட்டை போட்டு வேறு போட்டோ எடுத்துத் தயாராக இருக்கிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் கடித்துக்கொண்டு திரியாதே. வேதாரண்யேஸ்வரர் உனக்குத் துணை இருப்பார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வியாழக்கிழமைக்குள் படம் வர வேண்டும். அம்மாவுக்குத்தானே, இது போதும் என்று போன தடவை நினைத்திருப்பாய், இந்தத் தடவை உன் பேராசிரியருக்கு அனுப்புவதைப் போல எனக்கும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
மதுரம்