பின்னால் வைத்த கால்

நண்பா,

இன்று காலை குளியலறையில், சோப்புத் தண்ணீரில் என் இடது கால் வழுக்கியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. அதற்குள் வலது கால் தானாகப் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. விழவில்லை. சோப்பு வாசனைக்கு நடுவில் சுவரைப் பிடித்தபடி நின்று சிரித்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கோரிமேட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு நான் இருந்த லட்சணம் உனக்குத் தெரியும். தெருமுனை டீக்கடைக்குக்கூட மகள் துணைக்கு வரவேண்டும். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் விட்டுவிட்டேன். இனி இந்த நாற்காலிதான் என்று முடிவே செய்திருந்தேன். அப்போதுதான் நீ வந்தாய். கோயில் மண்டபத்தில் ஒரு பிசியோதெரபி பெண் சனிக்கிழமைதோறும் வயதானவர்களுக்கு டான்ஸ் சொல்லித்தருகிறாள், ஆடினால் விழமாட்டோமாம் என்றாய். மானத்தை வாங்காதே என்று திட்டினேன். நீ கேட்டால்தானே.

ஜோடி சேர்ந்து ஆடவேண்டும் என்றாள் அந்தப் பெண். நம் வீட்டுக்காரிகள் இருவரும் வாசல்வரை வந்து, சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நீயே என் கையைப் பிடித்தாய். நீ முன்னால் கால் வைப்பாய், நான் பின்னால் வைக்கவேண்டும். பயத்தில் நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மில்லுல முப்பது வருஷம் நூலைப் பாத்துக்கினுதான நடந்தோம்? காலை எவன் பாத்தான்? என் மூஞ்சப் பாருடா," என்றாய்.

உண்மைதான். ஓடும் மிஷின்களுக்கு நடுவில், அறுந்த நூலைக் கண்ணால் தேடிக்கொண்டே எத்தனை ஷிஃப்ட் நடந்திருப்போம். உன் முகத்தைப் பார்த்தேன். கால் தன் பாட்டுக்கு நடந்தது. நாலாம் மாதம் தனியாகப் பூசைக்குப் போனேன்.

நீ தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தபின் மண்டபத்துப் பக்கம் நான் போகவில்லை. சொல்லாமல் போய்விட்டாயே என்று உன்மேல் கோபம்கூட இருந்தது. இன்று சனிக்கிழமை. காலையில் காப்பாற்றிய காலுக்காகவாவது போவோம் என்று மாலையில் கிளம்பினேன்.

புதிதாக ஒருவர், கைத்தடியோடு, ஜோடியில்லாமல் சுவரோரம் தரையைப் பார்த்தபடி நின்றார். கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது, முன்னால் கால் வைத்து ஆட எனக்குத் தெரியவே தெரியாது.

"நானும் இதுக்குப் புதுசுதாங்க. என் மொகத்தப் பாருங்க, போதும்," என்றேன்.

தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். முதல் அடியிலேயே அவர் காலை மிதித்தேன். அவர் சிரித்துவிட்டார். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நீ மில்லுக்கு வராத நாட்களில் உன் மிஷினையும் சேர்த்து நான்தானே பார்த்துக்கொள்வேன். இனி சனிக்கிழமைகளில் உன் அடியையும் நானே வைக்கிறேன்.