சுபா முணுமுணுக்கவில்லை

மார்ச், செவ்வாய் இரவு

இன்று ஸ்காபரோ கிளினிக்கில் என் காதைப் பரிசோதித்த தமிழ்ப் பெண், வலது காது ஏறக்குறையக் கேட்கவே இல்லை என்றாள். எவ்வளவு காலமாக என்று கேட்டேன்.

"ரெண்டு மூண்டு வருசமாவது இருக்கும், அங்கிள்."

மருமகள் சுபா எங்கள் வீட்டுக்கு வந்தும் மூன்று வருடம்தான். எதைக் கேட்டாலும் முணுமுணுக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒருத்தி வாய்த்தது என் கர்மா என்று கோயில் வேதாந்த வகுப்பில்கூடச் சொன்னேன். எனக்கு வந்த வினையைத்தான் பார்த்தேன். அவளுக்கு முகம் கொடுக்காமல் நான் செய்துகொண்டிருந்த வினையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுபாவிடம் சொன்னேன். "பிள்ளை, எனக்குத்தான் காது கேக்கேல்லை. நீ வேணுமெண்டு மெதுவாக் கதைக்கிறாய் எண்டு நினைச்சிட்டன்."

சுபா அடுப்பை அணைத்தாள். "நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன், மாமா."

பிறகு என் இடப்பக்கம் வந்து அமர்ந்து வெகுநேரம் கதைத்தாள். 'கேட்பவன் யார்?' என்று வகுப்பில் எத்தனையோ தடவை விசாரித்திருக்கிறோம். கேளாதவன் யார் என்று இன்றுதான் தெரிந்தது.

அவளுக்கு நன்றாகப் பாட வருமாம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. நாளைக்குப் பாடிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.