மேல்ரூம் சீலிங்கில் கட்டியிருந்த புடவை

படப்பை,
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்பு மகள் அறிவுமதிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்க அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், மழை ஆரம்பிச்சதும் அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் வந்துடுச்சி, ஆனா கம்பெனி பஸ் ஓட்டறதுக்கு ஒரு தடையும் இல்ல. ஜப்பான்ல நீ நல்லபடியா இருக்கியா, குளிர் எடுக்குதுன்னு சொன்னியே, காதை மூடிக்கினு வெளிய போ, வேலை முடிஞ்சி வந்து ரொட்டியைக் கடிச்சிட்டு படுத்துடாத, ஒரு கை அரிசி போட்டு ரசமாவது வெச்சிக்கோ. ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி, ரூஃப் செக் பண்ண வந்தாங்களே இன்னா சொன்னாங்கன்னு கேட்டப்போ, சின்ன விரிசல்தானாம், சரி பண்ணிடலாமாம்னு சொல்லிட்டு, குக்கர் விசில் அடிக்குதுன்னு வெச்சிட்டேன். குக்கர் அடிக்கல. அடுப்புல ஒண்ணுமே இல்ல. உன் குரலைக் கேட்டுகினே அதைச் சொல்ல எனக்கு வாய் வரல, அதான் எழுதறேன். தபால்ல போட்டா வந்து சேர நாளாகும்னு, ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்பறேன்னு உங்க அப்பா சொல்லியிருக்காரு. ரூஃப் பாக்க வந்த கம்பெனிக்காரங்க உனக்கு மெயில்ல எல்லாத்தையும் படத்தோட அனுப்புவாங்க, கான்கிரீட்டைப் பத்தி அதுல இருக்கும். என்னைப் பத்தி இருக்காது.

போன மாசம் வீடியோ கால்ல நான் மாடிப்படியில நின்னு பேசிகினு இருந்தப்போ, எனக்குப் பின்னாடி மேல்தளத்து ஓரத்துல கறுப்பா வழிஞ்சிருக்குதேன்னு நீதான் பாத்துச் சொன்னே. எனக்கு அப்போ கோவந்தான் வந்துச்சி. நாங்க பாத்துப் பாத்துக் கட்டின வூட்டை ஜப்பான்ல உக்காந்துகினு குறை சொல்றாளேன்னு உங்க அப்பாகிட்ட பொருமினேன். நீ விடாம அங்கிருந்தே சென்னையில ஒரு கம்பெனியைப் பிடிச்சி ஏற்பாடு பண்ணிட்டே. சனிக்கிழமை காலையில ரகுபதின்னு ஒரு இன்ஜினியர் பெட்டி பையோட வந்து இறங்கினாரு. முதல்ல ட்ரோன் பறக்கவிட்டாரு. அது விர்ருனு மேல கிளம்பினதும் எதிர்வூட்டு மீனம்மாள் துணி காயப்போடறதை விட்டுட்டு வந்து நின்னுகினு, இன்னா கங்கம்மா, வூட்டுல எதுனா விசேஷமான்னு கேட்டாங்க. வூடு ஒழுகுதான்னு பாக்க வந்திருக்காங்கன்னு சொல்ல எனக்கு மானம் இடம் குடுக்கல. பொண்ணு அங்க கூட வேலை செய்யறவங்களுக்கு வூட்டைக் காட்டணுமாம், மேலேர்ந்து படம் எடுக்கச் சொல்லியிருக்காள்னு அளந்துவிட்டேன். நான் சொல்லி வாய் மூடல, மாடி மேலேர்ந்து ரகுபதி எட்டிப் பாத்து, அம்மா இங்க விரிசல்ல கையே போவுது, தண்ணி டேங்க் அடியில பூரா ஊறிப்போயிருக்கு, எத்தினி வருஷமா இப்படி விட்டு வெச்சிருக்கீங்கன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினாரு. மீனம்மாள் என் முகத்தைக்கூடப் பாக்காம துணியை உதற ஆரம்பிச்சிட்டாங்க. அன்னிக்கு அதுதான் பெரிய அவமானம்னு நினைச்சேன், மதி. அது ஒண்ணுமே இல்ல.

மேல பாத்து முடிச்சிட்டு, கீழிருந்து சீலிங்கைப் பாக்கணும், வாடகைக்கு இருக்கறவங்களைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கன்னாரு. மேல்ரூம்ல நாலு பொண்ணுங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியும். எல்லாம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம், ஒரகடத்துல போன் பார்ட்ஸ் கம்பெனியில லைன்ல நிக்கறாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து தூங்கிகினு இருந்தாங்க. நான் தட்டறேன், உள்ள குசுகுசுன்னு சத்தம் கேக்குது, எதையோ இழுக்கறாங்க, கதவு மட்டும் திறக்கல. இன்னா பண்றீங்க உள்ள, ஆள் நிக்கறாங்கன்னு அதட்டினேன். தங்கமாரிதான் திறந்தா, அவங்கள்ல பெரியவ. உள்ள போனா ரூம் துடைச்சி விட்ட மாதிரி இருந்துச்சி. ஆனா சீலிங்ல ஒரு மூலை பூரா ஒரு புடவையை விரிச்சி நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க, பந்தல் கட்டின மாதிரி. அது இன்னான்னு கேட்டேன். சும்மா அழகுக்குக் கட்டிருக்கோம்மான்னா தங்கமாரி. ரகுபதி, அதை அவுத்தாத்தான் பாக்க முடியும்னாரு. வேண்டாம் சார், தூசி விழும்னு குறுக்க வந்து நின்னா. அந்தப் பொண்ணு அப்படி யார் குறுக்கயும் நிக்கறவ இல்ல. நானே ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பக்கத்து முடிச்சை அவுத்தேன். புடவையில தேங்கியிருந்த பூச்சு, சிமெண்ட் காரை எல்லாம் தடதடன்னு தரையில கொட்டுச்சி, ஒவ்வொண்ணும் தோசைக்கல்லு அகலம். நிமிந்து பாத்தா மேல கம்பி எல்லாம் துருப்பிடிச்சி, உரிச்சிப்போட்ட மாதிரி வெளிய தெரியுது, ஒண்ணு ரெண்டு அறுந்தே தொங்குது. தண்ணி சொட்டிகினு இருக்குது. அதுக்கு நேர் மேலதான் நம்ம டேங்க்.

ரகுபதி அந்தப் பொண்ணுங்களைப் பாத்து, நீங்க எங்க படுப்பீங்கன்னு கேட்டாரு. கதவு ஓரமா கைகாட்டினாங்க. நாலு பேரும் அந்த ஓரத்துலயே ஒருத்தர் காலுமாட்டுல ஒருத்தர் தலை வெச்சிப் படுத்துக்கறாங்களாம், மீதி ரூம் சும்மா கிடக்குது. விழற காரையை எல்லாம் இன்னா பண்ணீங்கன்னு கேட்டதுக்கு, டிபன் பையில போட்டு எடுத்துகினு போய் பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில கொட்டிடுவோம்னு சொன்னாங்க. நம்ம வூட்டுத் தொட்டியில போட்டா நான் பாத்துடுவேனாம். ஆடி மாச மழையிலேர்ந்து இப்படி நடந்துகினு இருக்குது. அந்த முத்துச்செல்வி, ஒல்லியா இருப்பாளே, அவ கொஞ்ச நாள் தோள்ல கட்டுப் போட்டுகினு இருந்தா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு எங்கிட்ட சொன்னா. நான் அப்போ இன்னா சொன்னேன் தெரியுமா. பாத்ரூமை வாரத்துக்கு ஒரு தடவையாவது தேச்சிக் கழுவினா ஏன் வழுக்குது, வயசுப் பொண்ணுங்க இவ்ளோ சோம்பேறியா இருக்கலாமான்னு நாலு பேரையும் நிக்க வெச்சி புத்தி சொன்னேன். தோள்ல கட்டோட அவ சரிம்மான்னு கேட்டுகினா. அவ தோள்ல விழுந்தது நம்ம சீலிங்கு, மதி. இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தா தலைதான்.

ஏண்டி ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். கேக்கறப்பவும் என் குரல் அதட்டற மாதிரிதான் இருந்துச்சி.  தங்கமாரி தரையைப் பாத்துகினே, செல்வலட்சுமி சொன்னால்லாம்மான்னா. அவ்ளோதான் சொன்னா. செல்வலட்சுமின்னா இவங்களோட அஞ்சாவதா இருந்த பொண்ணு. ஆடியில ஒரு நாள் இறங்கி வந்து, மேல ஓதம் அடிக்குதும்மா, காரை பேந்து வருதுன்னு சொன்னா. நான் ஏறிப் போய்க்கூடப் பாக்கல. ஈரத்துணியை ரூமுக்குள்ள காயப்போட்டா ஓதம் அடிக்காம இன்னா செய்யும், பிடிக்கலன்னா வேற வூடு பாத்துக்கோன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதோட விடல. அவ விடாம போன் பேசறா, சத்தம் போடறான்னு ஒரு காரணத்தைச் சொல்லி காலி பண்ண வெச்சேன். உங்கிட்ட அவளாத்தான் போயிட்டான்னு சொன்னேன். எதிர்த்துப் பேசறவ ஒருத்தி போனா மத்ததுங்க அடங்கி இருக்கும்னு நினைச்சேன். அடங்கித்தான் இருந்திருக்காங்க.

ரகுபதி எங்கிட்ட தனியா, இன்னிக்கே டேங்க் தண்ணியை இறக்கிடுங்க, முட்டு குடுக்கற வரைக்கும் இந்த ரூம்ல யாரும் இருக்கக்கூடாது, அந்த மூலைத் தளத்தை இடிச்சித்தான் போடணும்னு சொன்னாரு. அது அந்தப் பொண்ணுங்க காதுல விழுந்துடுச்சி. நான் திரும்பறதுக்குள்ள பையை எடுத்து துணியை அடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. தங்கமாரி கிட்ட வந்து, ரெண்டு நாளு மட்டும் பொறுத்துக்கிடுங்கம்மா, வேற இடம் பாத்துப் போயிருதோம், நாங்க சொவர்ல ஆணிகூட அடிக்கலம்மா, கயிறு ஏற்கெனவே இருந்த கொக்கியிலதான் கட்டுனோம், எங்களால ஒண்ணும் பேந்து விழலன்னு சொல்லிகினே கையெடுத்துக் கும்பிட்டா. என்னைப் பாத்து. நம்ம கூரை அவங்க மேல விழுந்திருக்குது, அவங்க எங்கிட்ட மன்னிப்பு கேக்கறாங்க. நான் அப்படியே அந்தக் காரைக் குவியல் பக்கத்துல உக்காந்துட்டேன். அப்போ உன் நினைப்புதான் வந்துச்சி. அங்க நீயும் ஒரு வாடகை ரூம்லதான் இருக்கே. உன் ஓனர் எப்படிப்பட்டவர்னு நான் ஒரு தடவைகூட கேட்டதில்ல. உன் தலைக்கு மேல எதுனா இருந்து, பயந்துகினு நீயும் ஒரு துணியைக் கட்டி வெச்சிருந்தா எனக்கு யார் சொல்லுவாங்க.

அழுது இன்னா ஆவப்போவுதுன்னு எழுந்து, நானே அவங்க பையை வாங்கி கீழ எடுத்துகினு வந்து உன் ரூம்ல வெச்சேன். உங்கிட்ட கேக்கல, நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு தெரியும். அவங்க உள்ள வர மாட்டேன்னு வாசல்லயே நின்னாங்க. உங்க அப்பா ட்யூட்டி முடிச்சி வந்து விஷயத்தைக் கேட்டாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மேல ஏறி டேங்க் வால்வைத் திறந்துவிட்டு, தண்ணி பூரா வடியற வரைக்கும் அங்கயே நின்னுகினு இருந்தாரு. திங்கக்கிழமை முத்துச்செல்வியை தண்டலம் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனேன். எலும்புல லேசா விரிசல் விட்டிருந்தது கூடி வருதாம், பயமில்லன்னு சொன்னாங்க. டாக்டர் எப்படி அடிபட்டதுன்னு கேட்டாரு. அவ என் முகத்தைப் பாத்தா. பாத்ரூம்ல விழுந்த கதையையே சொல்லணும்னு நினைச்சாளோ இன்னாவோ. எங்க வூட்டு சீலிங் விழுந்துச்சி சார்னு நான்தான் சொன்னேன். 

திரும்பி வரும்போது செல்வலட்சுமி இருக்கற இடத்தை முத்துச்செல்விகிட்ட கேட்டுகினு, அடுத்த நாள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். சந்துக்குள்ள வரிசையா ரூம் கட்டி விட்டிருக்காங்க, மேல தகர ஷீட்டு போட்டது, உள்ள அனலா அடிக்குது. என்னைப் பாத்ததும் எழுந்து, வாங்கம்மான்னு இருந்த ஒரே சேரை எனக்குப் போட்டா, தண்ணி குடுத்தா. நான் வழியெல்லாம் யோசிச்சி வெச்சிருந்தது எதுவும் வரல. நீ சொன்னது சரிதாம்மா, நான்தான் தப்பு பண்ணிட்டேன், திரும்பி வந்துடுன்னு மட்டும் சொன்னேன்.  அவ, இருக்கட்டும்மா, நீங்க இவ்வளவு தூரம் வந்ததே போதும், ஆனா நான் அங்க வரமாட்டேன்னா. நீங்க ஏசுனதகூட நான் மறந்துட்டேன், நான் அவளுவளுக்கும் சேத்துத்தான பேசுனேன், அன்னைக்கு அவளுவ ஒருத்திகூட வாயத் திறக்காம நின்னாளுவல்லா, அதத்தான் தாங்க முடியலன்னா.  அவங்களை அப்படி நிக்க வெச்சதே நான்தானே. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து ஏத்திவிட்டா. பஸ் கிளம்பினப்போ கை ஆட்டுவாள்னு பாத்தேன், ஆட்டல. அதுல தப்பில்ல.

இப்போ மேல முட்டு குடுத்து நிக்குது. மழை விட்டதும் மூலையை இடிச்சிப் போடறதுக்கு ரகுபதியே ஆள் சொல்லிட்டுப் போயிருக்காரு. மீனம்மாள்கிட்ட உண்மையைச் சொல்லி, உங்க வூட்டு மொட்டைமாடியையும் ஒரு தடவை காட்டிடுங்கன்னு சொன்னேன். பாக்கலாம், பாக்கலாம்னு சொல்றாங்க, அவங்க மேலயும் ஆளை வாடகைக்கு வெச்சிருக்காங்க. இந்தப் பொண்ணுங்க கீழ வந்ததுலேர்ந்து பூனை மாதிரி நடக்கறாங்க. குழாயைக்கூட சத்தம் வராம திறக்கறாங்க. நான் சாப்பாடு போட்டா, வேண்டாம்மா, கேண்டீன்ல சாப்ட்டோம்னு சொல்றாங்க. வெந்நீர் போட்டு வெச்சா தொடறதில்ல. என் மேல பயம் போவல. நான் சிரிச்சிப் பேசினா இன்னும் பயப்படறாங்க. நேத்து நான் அரிசி களைஞ்சிகினு இருந்தேன், தங்கமாரி கதவுகிட்ட வந்து நின்னா. இன்னாம்மான்னேன். ஒண்ணு சொல்லணும், கோவப்படாதீங்கன்னா. உங்க பொண்ணு ரூம்ல ஜன்னல் கதவு சேர மாட்டக்கும்மா, சாரல் உள்ள அடிக்கி, மெத்தை எல்லாம் நனைஞ்சு போச்சின்னு சொல்லிட்டு ஒரு அடி பின்னால போயிட்டா. மதி, உங்கிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்கு, நீங்க ஒழுங்கா இழுத்துச் சாத்தியிருக்க மாட்டீங்கன்னுதான் என் வாய்ல வந்துச்சி. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சி. கையைத் துடைச்சிகினு போய் நானே இழுத்துப் பாத்தேன். நிஜமாத்தான் சேரல, மரம் உப்பியிருக்குது. ஆமாம்மா, சேரலன்னு சொன்னேன். அவ நான் வேற எதுனா சொல்லப்போறேனான்னு பாத்துகினே நின்னா, அப்புறம் மெதுவா உள்ள வந்து அந்தப் பக்கத்துக் கதவைப் பிடிச்சா. ரெண்டு பேரும் சேந்து தள்ளினோம்.

உன் தங்கமான மனசுக்கு ஒரு குறையும் வராது, அம்மன் உன்னைக் காப்பாத்துவா, கால் தவறாம, கண்ணு கலங்காம இரும்மா. நீ இருக்கற ரூம்ல சுவரு, கூரை, ஹீட்டர் எது சரியில்லன்னாலும் ஓனர்கிட்ட வாயைத் திறந்து சொல்லு, அவர் மூஞ்சியைக் காட்டினாலும் பரவால்ல, சொல்லு. இதைப் படிச்சிட்டு உடனே போன் பண்ணாத, ரெண்டு நாள் கழிச்சிப் பண்ணு, எனக்குக் கொஞ்சம் தைரியம் வேணும்.

இப்படிக்கு உன்னை நினைச்சிகினே இருக்கற
உன் அம்மா,
டி. கங்கம்மாள்