பரஸ்தானம் போன பாஸ்போர்ட்

மாட்டுங்கா, 12 ஜூன் 1964, வெள்ளி

நாளை இரவு கோபன்ஹேகனுக்கு விமானம். எங்கள் கம்பெனியின் டென்மார்க் முதலாளி, நாலு பேர் உட்காரும் தன் சொந்த விமானத்தில் அங்குள்ள கோட்டைகளையும் தீவுகளையும் சுற்றிக் காட்டப் போகிறார். ஒரு மாதமாகத் தெரு முழுக்க இதையே அளந்துகொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை புறப்படக் கூடாது என்று இன்று காலையே பரஸ்தானம் வைத்தோம். பயணத்துக்கான பையை மாடிவீட்டு சுப்புணி மாமாவிடம் கொடுத்துவிட்டால் இன்றே கிளம்பியதாக ஐதீகம். அதில் பாஸ்போர்ட்டையும் போட்டது என் மேதாவித்தனம். மாலையில் போனால் கதவில் பூட்டு. மகளுக்குப் பிரசவ வலி என்று தந்தி வந்து மாமா பூனாவுக்குப் போய்விட்டாராம்.

"ஏன்னா, ரெண்டு வேஷ்டி வெச்சா போறாதா? பாஸ்போர்ட்டையா வெப்பா?" என்றாள் என் மனைவி அலமு.

"முக்கியமா கிளம்ப வேண்டியது அதுதானேடி!"

"போறும் உங்க ஹாஸ்யம். காலம்பற ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை உடைச்சுடுங்கோ. மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டுத் தூங்கியும் விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பூட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பதற்றமில்லை, நிம்மதி. மாடி பஸ்ஸில் மேலே ஏறவே நடுங்குகிறவன் நான். அலமுவிடம் இதைச் சொன்னால், "அப்போ போக வேண்டாம்" என்பாள். நானும் உடனே சரி என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் அவளை எழுப்பாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.