கடைசி வரி

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

வரலாற்றில் இடம்பெறத் தக்க ஒரு முடிவை இன்று காலை எடுத்திருக்கிறேன். நம் குடும்பத்தில் முதலில் உனக்குத்தான் அறிவிக்கிறேன்: எங்கள் மேலாளரின் ஜோக்குகளுக்கு இனிச் சிரிக்கப் போவதில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

காப்பீட்டுப் பணம் கேட்டு அழைப்பவர்களிடம் நாள் முழுக்கப் பேசுகிறேன். பாதிப் பேர் அழுகிறார்கள், மீதிப் பேர் திட்டுகிறார்கள். அத்தனை பேரையும் சமாளிக்கிற எனக்கு, ஆண்டு மதிப்பீட்டில் 'பழகும் திறன்' என்ற தலைப்பில் குறைந்த மதிப்பெண். கூட்டத்தில் தாமதமாகச் சிரிக்கிறேனாம்! பிரிவுத் தலைவர் பதவிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அது எனக்கு வேண்டும். சிரிக்காமல் வேண்டும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை

மார்ச் 9

அன்புள்ள குட்டிப் பிசாசுக்கு,

உன் புரட்சி அறிக்கை கிடைத்தது. அண்ணி இரண்டு தடவை படித்துவிட்டு, "அவ சொல்றதுல என்னங்க தப்பு?" என்கிறாள். அவளுக்கென்ன, சொந்தத் தையற்கடை. தனக்குத் தானே முதலாளி.

சிரித்தால் பல்லா தேய்ந்துவிடும்? ஒரு கிளை மேலாளராகச் சொல்கிறேன், கேள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டத்தை ஒரு புது ஜோக்கோடுதான் தொடங்குவேன். எங்கள் கிடங்குக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். ஒற்றுமை என்றால் அது. கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண் மட்டும் உன்னைப் போல உம்மென்று உட்கார்ந்திருப்பாள். தலைமை அலுவலகத்தில் ஆட்குறைப்புக்கு ஒரு பெயர் கேட்டார்கள். அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். வேலையில் குறை சொல்ல முடியாது. பழகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிடிவாதத்தை விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

பதவி எனக்கு இல்லை. ஜோக் முடிவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பிப்பவருக்குப் போய்விட்டது. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு ஒரு சிரிப்புகூடவாம்மா வராது?"

"வந்தா சிரிப்பேன் சார்."

"மத்தவங்களுக்கு வருதே?"

"அவங்களுக்கும் வரலை சார். வரவழைக்கிறாங்க."

போன வாரம், கணவரை இழந்த ஓர் அம்மா என்னிடம் வெகுநேரம் பேசினார். போனை வைக்கும்போது, "நீ ஒருத்திதாம்மா காது குடுத்துக் கேட்டே" என்றார். அதற்கு மதிப்பெண் தாளில் கட்டமே இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். என் முடிவில் மாற்றமில்லை.

உனக்குத் துணிச்சல் இருந்தால் ஒன்று செய். வரும் திங்கட்கிழமை யாரும் கேட்டிராத ஜோக் ஒன்றைச் சொல். கடைசி வரியை மட்டும் சொல்லாதே. நடந்ததை மறைக்காமல் எழுது.

தங்கை

ஏப்ரல் 15

அன்புள்ள தங்கைக்கு,

சொன்னேன். பல் டாக்டர் ஜோக். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கிடங்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கணக்குப் பிரிவுப் பெண் மட்டும், "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்றாள்.

கடைசி வரியைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவ்ளோதானா சார்?" என்றாள்.

சின்ன வயதில் என் ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாயே, அது நிஜம்தானா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், பதில் எழுதாதே.

தலைமை அலுவலகத்தோடு பேசினேன். கொடுத்த பெயர் கொடுத்ததுதானாம். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள்.

அண்ணன்